தலைசுற்றலுக்கு நீர் மாத்திரை போடலாமா? ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி ஏறும்போது நன்றாகத்தான் இருந்தேன். அரியாங்குப்பம் நெருங்கும்போது முன்சீட்டுக் கம்பி இடப்பக்கமாக நழுவ ஆரம்பித்தது. கண்ணை மூடினால் நான் சுற்றினேன், திறந்தால் பேருந்து சுற்றியது. இறங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். தலைவலி துளியும் இல்லை. அதனால் ஒற்றைத் தலைவலிக்கும் இதற்கும் உறவு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பித்தம் என்றார்கள். லோ பிபி என்றார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒருவர் பட்டை வாங்கி மாட்டச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் உறுதியாகச் சொன்னார்: "காதுல நீர் கோத்துக்கிட்டா இப்படித்தாம்மா சுத்தும். நீர் மாத்திரை ரெண்டு போடு, இறங்கிடும்." அத்தை ரத்த அழுத்தத்துக்குப் போடுகிற நீர் மாத்திரை வீட்டிலேயே இருந்தது. மே மாதம், அக்னி நட்சத்திரம். யாரிடமும் கேட்காமல் மூன்று நாள் போட்டேன். நான்காம் நாள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, எழுந்தால் கண் இருட்டியது, மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த சுற்றல் அந்த ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்தது.

அக்கா சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. உள்காதில் நீர் மிகுந்து சுற்றல் வருகிற நோய் ஒன்று உண்டு, அதற்கு நீர் மாத்திரை தருவதும் உண்டு. எனக்கு இருந்தது அந்த நோய் இல்லை, ஒற்றைத் தலைவலி சார்ந்த சுற்றல். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நீர் மாத்திரையைப் பற்றி முடிவெடுக்க முடியாது. அதனால் மாத்திரைப் பேச்சு கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

படி 1: இது காத்திருக்கலாமா, இப்போதே ஓட வேண்டியதா?

திடீரென்று வந்த சுற்றலோடு பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், ஒன்று இரண்டாகத் தெரிதல், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாத தள்ளாட்டம், இதுவரை வந்திராத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதம் சில சமயம் வெறும் தலைசுற்றலாகத்தான் ஆரம்பிக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், வயதானவர்கள், முதன்முறையாக நிற்காத சுற்றல் வந்தவர்கள் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்கப் போக வேண்டாம்.

ஒரு காது சட்டென்று கேட்காமல் போனாலும் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

படி 2: சுற்றல் எவ்வளவு நேரம் இருக்கிறது?

மருத்துவரிடம் "அடிக்கடி கிறுகிறுன்னு வருது சார்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. நிமிடக் கணக்கு சொன்னால் பாதி வேலை முடிந்தது.

படுக்கையில் புரளும்போது, பரணைப் பார்க்கத் தலையைத் தூக்கும்போது, குனிந்து எழும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? அது பெரும்பாலும் உள்காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. இதற்கு மாத்திரையே வேண்டாம். எப்ளி என்கிற முறையில் மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பித் துகளை அதன் இடத்துக்கே அனுப்பிவிடுவார். பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் வெர்டின், ஸ்டுஜெரான் என்று சுற்றல் மாத்திரைகளை விழுங்குகிறவர்கள் ஏராளம்.

20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றல், கூடவே ஒரே காதில் அடைப்பு, இரைச்சல், கேட்பது மங்கித் திரும்புவது என்றால் மெனியர் நோயை நினைக்க வேண்டும். 1861-ல் பாரிஸ் மருத்துவர் ப்ராஸ்பர் மெனியர்தான் இத்தகைய சுற்றல் காதிலிருந்தும் வரலாம் என்று எடுத்துச் சொன்னார். அதுவரை எல்லாமே மூளைக் கோளாறு என்றிருந்தார்கள். அக்கா சொன்ன "காதுல நீர்" இதுதான்.

மூன்றாவது, நம் கதை. ஒற்றைத் தலைவலி சார்ந்த சுற்றல் 5 நிமிடமும் இருக்கலாம், 72 மணி நேரமும் இருக்கலாம். சிலருக்கு ராட்டினம் மாதிரி சுற்றும். சிலருக்குப் படகில் நிற்பதுபோல் ஆடும். சிலருக்குத் தலையைத் திருப்பினாலோ, கைப்பேசியில் படம் ஓடினாலோ குமட்டும். உலக அளவில் காது–சமநிலை வல்லுநர்களின் பாரனி சங்கமும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் 2012-ல் சேர்ந்து வகுத்த அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இப்படிப்பட்ட சுற்றல் குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும்; இப்போதோ எப்போதோ ஒற்றைத் தலைவலி இருந்திருக்க வேண்டும்; பாதிச் சுற்றல்களிலாவது ஒற்றைத் தலைவலியின் சாயல் ஒன்று கூடவே வர வேண்டும். சாயல் என்றால் அந்த வகைத் தலைவலி, அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே பிடிக்காமை, அல்லது கண்முன் நெளியும் கோடுகள். வேறு நோய் எதுவும் இதைவிடப் பொருத்தமாக இல்லை என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

கவனியுங்கள், சுற்றும்போது தலை வலித்தே ஆக வேண்டும் என்பதில்லை. இருபது வயதில் வந்து நின்றுபோன தலைவலி நாற்பதில் சுற்றலாகத் திரும்புவது உண்டு. எனக்கு அப்படித்தான். கல்லூரிக் காலத்தில் மாதவிலக்குக்கு முந்தைய நாள் ஒரு பக்க மண்டை தெறிக்கும். இருபது வருடம் கழித்து அதே நாட்களில் சுற்றல். கேட்டுப் பாருங்கள், அம்மாவுக்கோ சித்திக்கோ இருந்திருக்கும். சின்ன வயதில் ஊட்டிப் பேருந்தில் வாந்தி எடுத்த பிள்ளைகளாகவும் இருப்பீர்கள்.

படி 3: காலண்டரில் குறியுங்கள்

செயலி எதுவும் வேண்டாம். சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். சுற்றல் வந்த நாளில் 'சு', தலைவலிக்கு 'வ', காது அடைப்போ இரைச்சலோ இருந்தால் 'கா', எந்தக் காது என்றும். பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று ஒரு எண். மாதவிலக்கு நாளுக்கு ஒரு வட்டம். மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. இந்தப் புள்ளியை விட்டுவிட வேண்டாம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல் போட்டாலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையும் கலவை மாத்திரைகளையும் 10 நாளுக்கு மேல் போட்டாலோ, அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும்.

இரண்டு மாதத் தாளைக் கொண்டுபோய் மருத்துவர் மேசையில் வைத்துப் பாருங்கள், பேச்சே மாறும்.

படி 4: கேட்புத் திறன் சோதனை

ஆடியோகிராம். வலிக்காத, ஊசியில்லாத சோதனை. சத்தமில்லாத அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தம் கேட்டவுடன் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். நீர் மாத்திரைக் கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்தத் தாளில்தான் இருக்கிறது. மெனியர் நோயில் தாழ்ந்த சுருதி ஒலிகள் ஒரு காதில் முதலில் மங்கும், அந்தக் கோடு அங்கே பள்ளமாக இறங்கியிருக்கும். ஒற்றைத் தலைவலிச் சுற்றலில் காது அடைத்த மாதிரி, இரைகிற மாதிரி இருக்கலாம். ஆனால் பலருக்கும் சோதனைக் கோடு நேராகவே இருக்கும். குறைந்தாலும் லேசாக, வருடக்கணக்கில் பெரிதாக இறங்காமல் நிற்கும்.

ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். காது அடைத்திருக்கிற நாளில் ஒன்று, நன்றாக இருக்கிற நாளில் ஒன்று எடுக்க முடிந்தால் சிறப்பு. இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் அபூர்வமில்லை.

எங்கே போவது? முதலில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, வீட்டுக்குப் பக்கத்திலோ ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். சிக்கலாக இருந்தால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். தெற்கே இருப்பவர்களுக்கு அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரிய மருத்துவமனைக்குக் காலையிலேயே போங்கள், ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்கும்போது சுற்றினால் பிடிக்க ஆள் வேண்டும்.

படி 5: சுற்றல் வந்துவிட்டால்

உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். வெளிச்சம் குறைந்த அறை, அசையாத ஒரு புள்ளியில் பார்வை. வாந்தி இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் உள்ளே போய்க்கொண்டிருக்கட்டும்.

மருந்தில் குமட்டலுக்கானதுதான் முதலில் உதவும். மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்ததை ஆரம்பத்திலேயே போட வேண்டும், வாந்தி தொடங்கியபின் மாத்திரை வயிற்றில் தங்காது. ஸ்டெமெட்டில் போன்றவை இரண்டு மூன்று நாளுக்கு மட்டுமே. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் அதனால் வரும். மூளை தானே சமநிலையைச் சரிசெய்து பழகுவதையும் அது தடுக்கும். தலைவலிக்குக் கேட்கிற டிரிப்டான் சுற்றலுக்கும் கேட்கும் என்று நம்ப வேண்டாம். ரிசட்ரிப்டானை வைத்து 2024-ல் வெளியான ஆய்வில், ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

அடங்கியபின் வண்டி ஓட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். ஏணி, மொட்டைமாடி விளிம்பு, கிணற்றடியும் வேண்டாம். சில்வர் பீச்சில் அலையில் இறங்குவதும் அப்படித்தான். நீருக்குள் சுற்றல் வந்தால் எது மேல் எது கீழ் என்றே தெரியாது.

படி 6: தண்ணீர், சாப்பாடு, தூக்கம்

பட்டியல் பார்த்துப் பத்தியம் இருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெளிநாட்டுப் பட்டியலில் பாலாடைக்கட்டியும் சிவப்பு ஒயினும் முதலில் நிற்கும். கூத்தப்பாக்கத்தில் இருக்கிற என் வீட்டில் அவை எங்கே இருக்கின்றன? என் காலண்டர் காட்டியவை வேறு. சனிக்கிழமை விரதம். ஞாயிறு பத்து மணி வரை தூக்கம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் மணலில் வெயில், கூட்டம், ஒலிபெருக்கி. பேருந்தில் கைப்பேசி பார்ப்பது. புயல் சின்னம் உருவாகும் நாட்களில் தலை கனப்பதாகப் பலர் சொல்வார்கள், எனக்கும் உண்டு. அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அன்று பட்டினி கிடக்காமல் நேரத்துக்குத் தூங்கலாம், அதுதான் முடியும்.

காபியை விட வேண்டாம். ஆனால் தினமும் ஒரே அளவு, ஒரே நேரம். ஒருநாள் நான்கு டம்ளர், மறுநாள் ஒன்றுமில்லை என்பதுதான் தலையைக் கிளப்பும்.

தண்ணீர்தான் இங்கே முக்கியம். கடலூர் வெயிலில் உப்புக் காற்றோடு வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் நீர் எவ்வளவு இறங்கியது என்று தெரியவே தெரியாது. நீர் வற்றுவது ஒற்றைத் தலைவலியைத் தூண்டும், எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டவும் வைக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதைவிட எளிய அளவுகோல் இல்லை. சிறுநீரகம், இதயம் பழுதுபட்டவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவுதான் அளவு.

படி 7: இனி நீர் மாத்திரை

முதலில் அது என்ன செய்கிறது? சிறுநீரகத்தின் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. அதைப் போட்டால் உள்காதின் நீரழுத்தமும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பில்தான் பல ஆண்டுகளாக மெனியர் நோய்க்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவற்றைத் தருகிறார்கள். பலன் உறுதியாகிவிட்டதா என்றால், இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட தொகுப்பு, இருக்கிற ஆதாரம் மிகவும் பலவீனமானது என்றே முடித்தது. 2020-ல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் வெளியிட்ட நெறிமுறை, மெனியர் நோய்க்கு நீர் மாத்திரையோ பீட்டாஹிஸ்டினோ (வெர்டினில் இருக்கும் மருந்து) 'தரலாம்' என்கிறது. 'தர வேண்டும்' என்று அதில் இல்லை.

மெனியருக்கே கதை இவ்வளவுதான். ஒற்றைத் தலைவலிச் சுற்றலில் பிரச்சினை காதில் தேங்கிய நீர் என்று சொல்வதற்கில்லை. சமநிலைச் செய்திகளை மூளை மிகையாக எடுத்துக்கொள்வதுதான் என்று கருதப்படுகிறது. உடம்பை வற்றவைத்து அதற்கு என்ன ஆகப்போகிறது? தூண்டுதல் ஒன்று கூடும், அதுதான் எனக்கு நடந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ். இதுவும் நீர் பிரிக்கும் மாத்திரைதான், கண் அழுத்த நோய்க்குத் தருவார்கள். ஒற்றைத் தலைவலிச் சுற்றலில் இது வேலை செய்ததாகச் சிறு ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வேலை செய்தால்கூட நீரைப் பிரிப்பதாலா, நரம்புச் செல்களைச் சுற்றியுள்ள அமிலத்தன்மையை மாற்றுவதாலா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டோபிரமேட் நீர் மாத்திரை இல்லை, ஆனால் டயமாக்ஸ் தடுக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்கிற நொதியைத் தடுக்கும் குணம் அதற்கும் ஓரளவு உண்டு.

ஆகவே நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. ஆடியோகிராமில் தாழ்சுருதிப் பள்ளம் இருக்கிறதா? காலண்டரில் 'கா' எப்போதும் ஒரே காதுக்குத்தான் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நீர் மாத்திரையை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் இல்லை என்றால் ஏன் தருகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம், ரத்த அழுத்தம் போன்ற வேறு காரணம் இருக்கலாம். இன்னொன்று: தலைவலியோடு நாடித்துடிப்புக்கு ஏற்ப காதில் 'உஸ் உஸ்' சத்தம், குனிந்தால் பார்வை ஒரு கணம் மறைவது, அண்மையில் உடல் எடை கூடியது, இவை சேர்ந்தால் கண் மருத்துவரிடம் பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடியிருக்கலாம். அதற்கு அசிட்டசோலமைடு முறையான மருந்து.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கல், யூரிக் அமிலம், சர்க்கரை, கர்ப்பம், ஏற்கெனவே போடும் ரத்த அழுத்த மாத்திரை, லித்தியம், அடிக்கடி போடும் வலி மாத்திரை. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகை, நீர் மாத்திரை, ப்ரூஃபென் போன்ற வலி மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் தொடங்கும் முன் ஒருமுறை, சில வாரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். தயசைடு வகை நீர் மாத்திரையில் சோடியம் இறங்கினால் வயதானவர்கள் குழம்பிப் பேசுவார்கள், தள்ளாடுவார்கள். வீட்டில் அதையும் "தலைசுற்றல்" என்று எடுத்துக்கொண்டு இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள். டயமாக்ஸில் விரல் நுனி சுறுசுறுவென்று இருக்கும், சோடா ருசி கெட்டுப்போகும், இவை பயப்பட வேண்டியவை இல்லை. கல் வருவதுதான் கவலை.

உப்பைக் குறைப்பதும் இதோடு சேர்ந்தே பேசப்படும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது எல்லோருக்குமான உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மெனியர்காரர்கள் அதற்குள் நிற்பதும், தினமும் ஒரே அளவாக வைத்துக்கொள்வதும் நல்லது. கடலூர் ஓல்டு டவுன் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் நான்கையும் கட்டுப்படுத்தினாலே பாதி வந்துவிடும். ஒற்றைத் தலைவலி மட்டும் உள்ளவர்கள், அதிலும் ரத்த அழுத்தம் தாழ்வாக இருப்பவர்கள், சுற்றலுக்காக உப்பை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

முயன்று பார்ப்பதென்று மருத்துவரும் நீங்களும் முடிவுசெய்தால் ஒரு கெடு வையுங்கள், இரண்டு அல்லது மூன்று மாதம். முந்தைய இரண்டு மாதக் காலண்டர் கையில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் வேறு மருந்தோ புதிய பத்தியமோ சேர்க்காதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். சுற்றல் தானாகவே குறையும் குணம் உடையது என்பதையும் மறக்க வேண்டாம். 2016-ல் ஜெர்மனியில் 221 மெனியர் நோயாளிகளுக்கு 9 மாதம் பீட்டாஹிஸ்டினும் வெற்று மாத்திரையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாக் குழுவிலும் சுற்றல் குறைந்தது, வெற்று மாத்திரைக் குழுவிலும்தான். "மாத்திரை போட்டேன், நின்றுவிட்டது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். வயிற்றுப்போக்கு, வாந்தி வரும் நாட்களில் நீர் மாத்திரையை நிறுத்தலாமா என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: நீர் மாத்திரை வேண்டாம் என்றால் வேறென்ன?

ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் மருந்துகளைத்தான் இதற்கும் தருகிறார்கள். இவற்றுக்கும் சுற்றலில் பலமான ஆதாரம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மெட்டோப்ரோலாலை வைத்து 2019-ல் வந்த ஆய்வும் ஏமாற்றம்தான். ஆனால் அடிக்கடி சுற்றுகிறவர்கள் முயன்று பார்க்கிற வழி இதுவே. ப்ராப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஃப்ளூனரிசின் தூக்கமும் எடையும் கூட்டும், மனச்சோர்வு இருந்தால் வேண்டாம். அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் இரவில் தருவார்கள், தூக்கம் கெட்டவர்களுக்கு அது இரட்டை லாபம். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் வால்ப்ரோயேட்டும் டோபிரமேட்டும் எழுதப்பட்டால் கருவுக்கு உள்ள ஆபத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு சுற்றலுக்கு நடுவிலும் தள்ளாட்டம் இருந்தால் சமநிலைப் பயிற்சி இருக்கிறது. கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இடவலமாக அசைப்பது, ஒரு கால் முன் ஒரு கால் வைத்து நடப்பது போன்றவை. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். முதல் வாரம் கொஞ்சம் கிறுகிறுக்கத்தான் செய்யும். எனக்குப் பத்தாவது நாள் வாக்கில்தான் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் உட்கார முடிந்தது. இப்போது அமிட்ரிப்டிலின் ஒன்று, நேரத்துக்குச் சாப்பாடு, பையில் தண்ணீர் பாட்டில். போன ஐந்து மாதக் காலண்டரில் 'சு' இரண்டு. அத்தையின் மாத்திரை டப்பா பூஜை அலமாரிக்கு மேல் போய்விட்டது, அதை எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், எனக்கோ ஸ்டூலில் ஏறத் தடை.